ஒழுகும் மேன்ஹோல் மூடி: அக்கரைப்பேட்டை விசைப்படகு ஒன்றின் டீசல் டேங்கு – நிகழ்வு ஆய்வு

படகு நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையைச் சேர்ந்தது. கடுவையாற்றுக் கரையில் கட்டுவார்கள். மரத்தில் கட்டி மேலே ஃபைபர் போர்த்திய விசைப்படகு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போவது. எஞ்சினுக்கு இடமும் வலமும் ஒவ்வொரு டீசல் டேங்கு. ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் உயரம். அதாவது சுமார் 2,000 லிட்டர். 5 மி.மீ. இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்தவை. டேங்கின் மேல்தகட்டில், முன்பக்க ஓரமாக, 40 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டத் துளை. அதை மூடியிருப்பது ஒரு 4 மி.மீ. தகடும் பன்னிரண்டு 8 மி.மீ. போல்ட்டுகளும். டேங்கைக் கழுவவும் உள்ளே பார்க்கவும் வைத்த வழி அது. நம் ஊரில் மேன்ஹோல் மூடி என்றே சொல்கிறோம்.

இடப்பக்க டேங்கின் மூடிதான் பிரச்சினை. டிரைவர் சொன்னது இது: "அண்ணே, டேங்கை ரொப்பிட்டு கெளம்பினா மொத ரெண்டு நாள் நாத்தம் தாங்க முடியல. அப்புறம் தானா நின்னுடுது. அடியில தேங்குற தண்ணியில எண்ணெய் மெதக்குது." இதற்கு முன் ஒரு பட்டறையில் காட்டி, பேக்கிங் (மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் வைக்கும் மெத்தை வளையம்) மாற்றி, மேலே சிலிக்கான் பேஸ்ட்டும் தடவி வாங்கியிருந்தார்கள். சில நடை நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்கள். ஒழுகல் கூடியது.

முறுக்க முறுக்கக் கூடும் ஒழுகல் என்று யாராவது சொன்னால், கேள்வியே பேக்கிங்கைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தோன்றும். இந்தப் படகிலும் அப்படித்தான் முடிந்தது. மேன்ஹோல் மூடி ஒழுகினால் பத்தில் பாதிப் பேர் பேக்கிங்கைக் குறை சொல்கிறார்கள், மீதிப் பேர் பேஸ்ட்டைத் தேடுகிறார்கள். போல்ட் ஓட்டையையும் தகட்டின் நெளிவையும் யாரும் பார்ப்பதில்லை. இதை விரிவாக எழுதுவதே அதற்காகத்தான்.

கொஞ்சம் டீசல்தானே என்று விட முடியாது

சொட்டுச் சொட்டாக வருவதில் டீசல் நஷ்டம் பெரிதில்லை. ஆபத்து வேறு இடத்தில். நம் பங்க்கில் கிடைக்கும் டீசலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வெயில் காலத்தில் எஞ்சின் அறைக்குள் அதைவிடச் சூடாகவே இருக்கும். அதாவது அடியில் பரவிக் கிடக்கும் டீசலிலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி கிடைத்தால் பற்றக்கூடிய நிலையிலேயே இருக்கலாம். பொறி இல்லாவிட்டாலும், சுமார் 210 டிகிரிக்கு மேல் சூடான பரப்பில் பட்டால் டீசல் தானாகவே பற்றும். உறை சரியில்லாத எக்ஸாஸ்ட் குழாய் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். இந்தப் படகில் சமையல் கேஸ் அடுப்பும் எஞ்சின் அறை வாசலுக்கு மூன்று எட்டு தூரத்தில் இருந்தது.

இரண்டாவது, டீசல் வெளியே வரும் வழியில் கடல்தண்ணீர் உள்ளே போகும். டேங்கு பாதி காலியானதும் மூடியில் உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் இல்லை. அப்போது மேல்தள ஹேட்ச் (திறப்பு மூடி) வழியாகச் சொட்டும் உப்புத்தண்ணீர் மூடியின் மேல் தேங்கி, அதே போல்ட் ஓட்டைகள் வழியாக இறங்குகிறது. தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் விளிம்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளி உண்டாகும். ஃபில்டர் அடைக்கும், பம்ப்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தை டிரைவர் தினமும் திறந்துவிட வேண்டியிருந்தது என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. பங்க்கில் போடும் டீசல் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வலப்பக்க டேங்கிலும் அதே பங்க் டீசல்தான். அங்கே தண்ணீர் வரவில்லை.

மீன் வாங்குகிறவர்களுக்கும் டீசல் வாடை பிடிக்காது. மீன் அறை எஞ்சின் அறைக்கு அடுத்தது. அடித்தண்ணீரில் எண்ணெய் இருந்தால் வாடை ஐஸில் ஏறும்.

ஒழுகும் இடத்தைப் பிடித்த விதம்

எஞ்சின் அறையில் டீசல் வாடை வர வழிகள் பல. இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய், ஃபில்டர் தலை, ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம், கைப்பம்பின் நட்டு, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அவை எல்லாம் எஞ்சின் ஓடும்போது ஒழுகுபவை, டேங்கு நிறைந்திருக்கிறதா காலியா என்று பார்க்காதவை. டேங்கு நிறைந்திருக்கும் நாட்களில் மட்டும் நாற்றம் என்றால் டேங்கின் மேல்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். டிரைவரின் அந்த ஒற்றை வாக்கியம் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது.

ஏற்கனவே ஈரமாக இருக்கும் இடத்தில் புது ஒழுகலைக் கண்ணால் பார்க்க முடியாது. டீசல் தகட்டில் ஊர்ந்து பரவும். எங்கே பிறந்தது என்று காட்டாது. அதனால் டேங்கின் மேல்பக்கம் முழுவதையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவைத்தோம். பிறகு சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து, மூடி, போல்ட் தலைகள், சுற்றியுள்ள தகடு எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசினோம். ஸ்பிரிட் பறந்ததும் வெள்ளையாகக் காய்ந்துவிடும். கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங்கைச் சோதிக்க ஒரு பக்கம் சுண்ணம், மறுபக்கம் மண்ணெண்ணெய் என்று பூசிப் பார்ப்பார்களே, அதே தத்துவம்.

அப்புறம் டேங்கை நிரப்பச் சொன்னோம். மேல்தகடு வரை வந்தபோது ஒன்றுமில்லை. நிரப்பும் குழாயில் டீசல் ஏறத் தொடங்கியதும் டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தேன். மூடியின் விளிம்பில் ஒரு கோடாக ஈரம் வரும் என்றுதான் ஓனர் எதிர்பார்த்தார். வந்தது அப்படி இல்லை. காய்ந்த மண்ணில் மழையின் முதல் துளிகள் விழுந்ததுபோல, போல்ட் தலைகளைச் சுற்றித் தனித்தனிக் கரும்புள்ளிகள். முதலில் நான்கு, கொஞ்ச நேரத்தில் ஏழு. விளிம்பு வெகுநேரம் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில்தான் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் ஓர் இடத்தில் லேசாகக் கறுத்தது.

அதற்குக் காரணம் மூடியின் அமைப்பு. டேங்கின் மேல்தகட்டைத் துளைத்து, அந்தத் துளையிலேயே மரை வெட்டி, மேலிருந்து போல்ட்டை இறக்கியிருந்தார்கள். போல்ட்டின் கீழ்முனை டேங்குக்குள் நீட்டிக்கொண்டு டீசலில் நனைகிறது. மரை என்பது சுருள் வழி. அதில் டீசல் ஏறி, பேக்கிங்கைத் தொடாமலே அதைக் கடந்து, போல்ட் தலைக்கு அடியில் வெளியே வந்துவிடும். பேக்கிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வழியை அடைக்காது. 8 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ.; 5 மி.மீ. தகட்டில் நான்கே சுற்று. அந்த நான்கிலும் துரு தின்றது போக மிச்சமிருந்ததை முறுக்கினால் மரை கழன்று வழி இன்னும் பெரிதாகும். முறுக்க முறுக்க ஒழுகல் கூடியது அதனால்தான்.

மூடியை எவ்வளவு அழுத்தம் தள்ளுகிறது

டேங்கின் மேல்பக்க மூடிக்கு அழுத்தம் ஏது, மேலேதானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மூடியிலிருந்து மேல்தளத்தில் உள்ள நிரப்பும் வாய் வரை 60 செ.மீ. உயரம். காற்றுப்போக்கிக் குழாயின் வளைவு அதற்கும் 30 செ.மீ. மேலே. அதுவரை டீசல் ஏறினால் மூடியின் மேல் 90 செ.மீ. உயர டீசல் தூணின் அழுத்தம் நிற்கிறது. 40 செ.மீ. வட்டத்துக்குக் கணக்குப் போட்டால், சுமார் 90 கிலோ விசை மூடியைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. இது படகு ஆடாமல் நிற்கும்போது. நிரப்பும் வாய் பின்பக்கம், மூடி முன்பக்கம், நடுவில் இரண்டு மீட்டர். அலையில் அணியம் (படகின் முன்முனை) 10 டிகிரி இறங்கினால் மூடிக்கு இன்னும் 35 செ.மீ. உயர அழுத்தம் சேரும். உள்ளே டீசல் மோதுவது தனி.

வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். 2,000 லிட்டர் டீசல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 16 லிட்டர் பெருகும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் டீசல், ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பகல் இருந்தால் அதைவிட அதிகமாகவே சூடேறும். 50 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குப் பிடிப்பது 2 லிட்டர். ஆக, கழுத்து வரை நிரப்பிய டேங்கில் பெருகும் டீசல் போக இடமில்லாமல் குழாய்களில் ஏறி, காற்றுப்போக்கி வழியாகத் தளத்திலோ கடலிலோ கொட்டும். அதுவரை மூடி முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்க வேண்டும். முதல் இரண்டு நாள் நாற்றம், பிறகு இல்லை என்பதன் முழு விளக்கம் இதுதான். கழுத்து வரை நிரப்பாதீர்கள், 100 லிட்டராவது காலி விடுங்கள் என்று டிரைவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மூடி சரியாக இருந்தாலும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

திறந்தபோது கண்டது

நிரந்தர வேலையை மீன்பிடித் தடைக்காலத்துக்கு வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் 61 நாள். டேங்கில் டீசல் இல்லாமல் படகு சும்மா நிற்கும் காலம் அது ஒன்றுதான்.

மிச்ச டீசலைக் கைப்பம்பு வைத்து இரும்புப் பேரல்களுக்கு மாற்றினோம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, அடுப்பையும் சிலிண்டரையும் கரைக்கு அனுப்பிவிட்டோம். ஊதும் ஃபேனைக் கரையிலேயே வைத்து, நீளக் குழாய் வழியாக டேங்குக்குள் நல்ல காற்றைத் தள்ளினோம். ஃபேன் மோட்டாரை எஞ்சின் அறைக்குள் வைக்கவே கூடாது, அதன் பிரஷ்ஷில் பொறி வரும். ஆளை டேங்குக்குள் இறக்கவில்லை, தலையை விடவும் அனுமதிக்கவில்லை. மூடிக் கிடந்த இரும்பு டேங்கில் துரு பிடிக்கும்போதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். உள்ளே போனவர் மயங்கினால் தூக்கப் போனவரும் விழுவார். உள்பக்கச் சுத்தம் எல்லாம் நீளக் கைப்பிடி போட்ட துடைப்பானாலும் உறிஞ்சு குழாயாலும் நடந்தது.

போல்ட்டுகளில் மூன்று கழற்றும்போதே ஒடிந்தன. மூடியைத் தூக்கியதும் அடியில் அடுக்கடுக்காகப் பழைய வைத்தியங்கள். கீழே, எப்போதோ போட்ட கார்க் பேக்கிங்கின் மிச்சம், விரல் பட்டால் உதிர்ந்தது. அதன் மேல் ஏதோ ரப்பர் ஷீட்டில் வெட்டிய வளையம். டீசலில் ஊறிப் பருத்து, வட்டத்துக்குள் அடங்காமல் அலை அலையாக நெளிந்து, சில இடங்களில் துளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அதற்கும் மேல் சிலிக்கான் பேஸ்ட். இரும்பில் ஒட்டாமல், உரித்தால் முழு நீளத்துக்கு நாடாவாக வந்தது. அதே சிலிக்கானின் துணுக்குகள் ஃபில்டருக்கு முன்னால் உள்ள சல்லடையிலும் இருந்தன. சாதாரணச் சிலிக்கான் பேஸ்ட் டீசலில் ஊறி வீங்கி வலுவிழக்கும். ஆயில் பக்கத்தில் அது தரும் பலனை நம்பி டீசல் டேங்கில் பூசுவது சரியில்லை.

நேர்க்கோலை மூடியின் மேல் வைத்துப் பார்த்தோம். போல்ட் இருக்கும் இடங்கள் தாழ்ந்தும், நடுவே உள்ள இடங்கள் எழும்பியும் இருந்தன. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனது. டேங்கின் தகடோ இதற்கு நேர் எதிராக, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மேல்நோக்கி இழுபட்டுக் குமிழாக இருந்தது. போல்ட் வட்டத்தின் சுற்றளவு 150 செ.மீ.; அதில் பன்னிரண்டு போல்ட் என்றால் ஒன்றுக்கொன்று 12.5 செ.மீ. நான்கு மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்த இடைவெளி ரொம்ப அதிகம். முறுக்கும் விசை போல்ட்டைச் சுற்றி மட்டும் விழுகிறது, நடுவில் தகடு எழும்பி பேக்கிங் தளர்ந்துவிடுகிறது.

வெல்டிங் வேண்டாம் என்ற முடிவு

"தம்பி, பழைய ஓட்டையை அடைச்சு, கனமான ஃபிளாஞ்ச் ஒண்ணு வெல்டு பண்ணிட்டா காலத்துக்கும் கவலை இல்லை" என்றார் ஓனர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டேங்கின் மேல் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு கழுத்து வைத்து, அதன் மேல் 12 மி.மீ. கன ஃபிளாஞ்ச் (விளிம்பு வளையம்) போட்டு, அடிவரை துளைக்காமல் மரை வெட்டினால் டீசலுக்கு வழியே இருக்காது. தண்ணீரும் தேங்காது. புது டேங்கு செய்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆனால் டீசல் இருந்த டேங்கில், படகுக்குள் வைத்து வெல்டிங் செய்ய நான் சம்மதிக்கவில்லை. காலியான டேங்குதானே என்பது தவறான தைரியம். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. எத்தனை கழுவினாலும் துருவின் அடியிலும் வெல்டிங் மூலைகளிலும் ஒளிந்திருக்கும் எண்ணெய், சூடு பட்டதும் புதிதாக ஆவியாகும். டேங்கை வெளியே எடுத்து, ஆவி நீக்கி, கருவி வைத்து அளந்த பிறகே அந்த வேலை செய்யலாம். வெளியே எடுக்க மேல்தளத்தை அறுக்க வேண்டும். இந்த மூடிக்காக அவ்வளவு தேவையில்லை.

நாங்கள் தேர்ந்தது உள்வளையம். 10 மி.மீ. கனத் தகட்டில், போல்ட் வட்டத்துக்குச் சரியாக ஒரு வளையம் வெட்டினோம். அதில் 6 செ.மீ.க்குச் சற்று மேலான இடைவெளியில் 24 ஸ்டட்டுகள் (தலையில்லாத மரைத் தண்டுகள்), 10 மி.மீ. தடிமன், ஸ்டெயின்லெஸ் 304. இரும்பு வளையத்தில் ஸ்டெயின்லெஸ்ஸை ஒட்ட 309 வெல்டிங் ராடு போட வேண்டும்; சாதாரண ராடில் ஒட்டினால் வெல்டிங்கில் விரிசல் விழும். வெல்டிங் எல்லாம் கரையில், பட்டறையில். பிறகு வளையத்தை இரண்டாக அறுத்தோம், அப்போதுதான் துளை வழியாக உள்ளே நுழையும். இரண்டு அரைவட்டங்களையும் டேங்குக்குள் விட்டு, மேல்தகட்டின் அடியில் பிடித்து, ஸ்டட்டுகள் மேலே நீட்டும்படி வைத்தோம். அதன் மேல் பேக்கிங், பேக்கிங் மேல் 8 மி.மீ. கனப் புது மூடி, கடைசியில் நட்டு. டேங்கின் தகடு கனமான இரண்டு தகடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால் அதன் குமிழ்களும் அமுங்கிவிடும். விசையைத் தாங்குவது இனி நான்கு சுற்று மரை இல்லை, முழு வளையம்.

பழைய 12 ஓட்டைகளையே 10 மி.மீ. ஆக்கி, நடுவில் 12 புதியவை போட்டோம். மின்சார டிரில்லைத் தொடவில்லை. காற்றில் ஓடும் டிரில்லை மெதுவாக ஓட்டி, கிரீஸ் தடவிய பிட்டால் துளைத்தோம். துளைக்கும் நேரம் முழுவதும் ஃபேன் ஓடியது. இரும்புத்தூள் கிரீஸில் ஒட்டியது போக விழுந்ததைக் காந்தம் வைத்து எடுத்தோம். கிரைண்டரை டேங்கின் பக்கத்திலேயே கொண்டுவரவில்லை. துருவெல்லாம் கையால் சுரண்டியதுதான்.

கால்வனைஸ் தகட்டில் மூடி செய்யலாமே என்று லேத் பட்டறையில் கேட்டார்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரிக் கசடை உண்டாக்கும், அது இன்ஜெக்டர் வரை போகும். தாமிரமும் பித்தளையும் டீசல் சீக்கிரம் கெட உதவி செய்யும். டேங்கின் உள்பக்கம் சாதா இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ், வேறு வேண்டாம். மூடியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் எபாக்சி பெயின்ட் அடித்தோம்.

பேக்கிங் வாங்கும் முன் ஒரு பாட்டில் டீசல்

டீசலுக்கு ஏற்ற ரப்பர் நைட்ரைல். காசு இருந்தால் விட்டான் (Viton) என்ற ரப்பர் அதைவிடச் சிறந்தது. இயற்கை ரப்பர், சைக்கிள் டியூப், ஈபிடிஎம், சிலிக்கான் ஷீட் எல்லாம் டீசலில் ஊறும். கடையில் நைட்ரைல் என்று கேட்டால் கறுப்பு ஷீட் ஒன்றைத் தருவார்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் நைட்ரைல் இல்லை, பார்த்தும் சொல்ல முடியாது.

அதனால் ஷீட்டை மொத்தமாக வாங்காமல், வெவ்வேறு கடைகளிலிருந்து துண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அடையாளம் போட்டு, டீசல் ஊற்றிய பாட்டிலில் சில நாள் விட்டோம். எடுத்து ஸ்கேல் வைத்தபோது ஒரு பட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, வளைந்து, கொழகொழவென்று இருந்தது. இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்து மாறவில்லை, நகம் பதித்தால் திரும்பி எழுந்தது. அந்தக் கடையில் அதே சுருளிலிருந்து 5 மி.மீ. ஷீட் வாங்கினோம். இந்தச் சோதனைக்கு ஒரு டம்ளர் டீசல்கூடச் செலவில்லை. ஒவ்வொரு பட்டறையும் இதைச் செய்துவிட்டுப் பிறகு பேக்கிங் வெட்டலாம்.

பேக்கிங் ஒரே துண்டில் வெட்டிய முழு வளையம். ஸ்டட் ஓட்டைகளை 9 மி.மீ. பஞ்ச்சால் போட்டோம். 10 மி.மீ. ஸ்டட் அதில் இறுக்கமாக நுழைந்தால் ரப்பர் ஸ்டட்டைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். உள்வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவிலும், அறுத்த இரு இணைப்புகளிலும் பாலிசல்ஃபைடு சீலன்ட் வைத்தோம். எரிபொருளைத் தாங்கும் சீலன்ட் அது. முழுதாகக் காய நாள் எடுக்கும், அவசரப்படக் கூடாது. எல்லாவற்றையும் மீறி ஸ்டட் வழியாக ஏதாவது ஏறினால் என்ன செய்வது? அதற்காக நட்டுக்கு அடியில் டவுட்டி வாஷர்கள் போட்டோம். இரும்பு வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் உதடு ஒட்டிய வாஷர். ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் இந்தப் பெயர் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். இந்த வேலையில் நான் மிகவும் நம்புவது அந்தச் சின்ன வாஷரைத்தான்.

முறுக்குவதில் பலத்துக்கு வேலை இல்லை. எதிரெதிர் நட்டுகளாக, மூன்று சுற்றில், கைஸ்பேனரால் மட்டும். 5 மி.மீ. பேக்கிங் 4 மி.மீ. ஆக அமுங்கினால் போதும். அதை அளக்க 4 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை மூடிக்கும் டேங்குக்கும் நடுவே, பேக்கிங்கின் வெளிவிளிம்பில் செருகிப் பார்த்தோம். லேசாக உரசிக்கொண்டு சுற்றிவர எல்லா இடத்திலும் நுழைந்தால் சரி. எங்கே தளர்ந்து நுழைகிறதோ அந்தப் பக்க நட்டுக்குக் கால் சுற்று. ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் கடித்துக்கொள்ளும் குணமுள்ளது, அதனால் மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவினோம். ஓர் இரவு விட்டு மறுநாள் பார்த்தபோது ரப்பர் இன்னும் கொஞ்சம் படிந்திருந்தது. எல்லா நட்டுக்கும் சிறிது கொடுத்தோம்.

சோதனை

காற்றடித்துப் பார்க்க வேண்டும் என்றால் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். ரொம்ப ஆபத்தான பழக்கம். படகுகளின் எரிபொருள் டேங்குகளுக்கு அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி சொல்லும் சோதனை அழுத்தமே 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு), அல்லது டேங்கு வேலையில் பார்க்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு. எது அதிகமோ அது. வெறும் 3 பிஎஸ்ஐதான். அதுவே இந்த டேங்கின் பெரிய பக்கச் சுவரில் 5 டன்னுக்கு மேல் தள்ளும். கம்ப்ரஸர் கணப்பொழுதில் அதைத் தாண்டிப் போய்விடும்.

துருப்பிடித்த பழைய டேங்குக்கு 3 பிஎஸ்ஐ கொடுக்கவும் எனக்கு மனமில்லை. நாங்கள் சோதிக்க வேண்டியது மூடியை. அது பார்க்கும் 90 செ.மீ. டீசல் என்பது 75 செ.மீ. தண்ணீர், ஒன்றரை மடங்கு என்றால் 112 செ.மீ. ஆக 120 செ.மீ. தண்ணீர் உயரம் என்று வைத்துக்கொண்டோம். டேங்கு நிறைந்திருக்கும்போது அடிப்பகுதி அன்றாடம் சுமக்கும் அழுத்தத்தைவிட இது அதிகமில்லை. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றுப்போக்கிக் குழாயில் மாட்டினோம். மற்ற குழாய்களை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் அடித்தோம். மீட்டரும் அதுதான், பாதுகாப்பு வால்வும் அதுதான். அழுத்தம் மீறினால் தண்ணீர் வெளியே கொட்டிக் காற்று போய்விடும்.

வெயில் ஏறும் நேரத்தில் இதைச் செய்தால் ஏமாந்துபோவோம். அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடேறினாலே தண்ணீர் மட்டம் 3 முதல் 4 செ.மீ. உயரும். சின்ன ஒழுகல் இருந்தாலும் மட்டம் இறங்காது. பொழுது விடியும் முன் அடித்துவைத்துப் பார்த்தோம். மட்டம் மெதுவாக இறங்கியது. மூடியிலும் நட்டுகளிலும் சோப்பு நுரை பூசினோம். 24 நட்டிலும் குமிழி இல்லை, விளிம்பிலும் இல்லை. கடைசியில் மூடிக்குப் பக்கத்தில், ரிட்டர்ன் குழாய் நுழையும் சாக்கெட்டின் மரையில் குண்டூசித் தலையளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேக்கிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் இதுவும் தன் பங்குக்குக் கசிந்திருக்கிறது. அதைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, டீசல் தாங்கும் மரை சீலன்ட் போட்டுப் பூட்டிய பிறகு மட்டம் அசையாமல் நின்றது.

மேல்தள ஹேட்ச்சின் ரப்பரையும் மாற்றினோம். மூடியின் மேல் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் நட்டும் ஸ்டட்டும் இருக்கும், இரும்பு மூடி இருக்காது.

பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு படகு வைத்திருப்பவர்கள் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் ஆவி நம் ஊர் வெப்பத்தில் எந்நேரமும் பற்றத் தயாராக இருக்கும். டேங்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ச் செய்ய வேண்டிய வேலை அது. பெரும்பாலும் டேங்கையே மாற்றிவிடுவது நல்லது.

தடை முடிந்து படகு கடலுக்குப் போகும்போது சாக்பீஸ் பூச்சை அப்படியே விட்டோம். திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவதும் நின்றது. உள்ளே முன்பே சேர்ந்திருந்த ஈரம் வடியும் வரை முதலில் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். வலப்பக்க டேங்கின் மூடியும் அதே பன்னிரண்டு போல்ட், அதே மரை. அது இன்னும் ஒழுகத் தொடங்கவில்லை. அதற்கும் வளையம் வெட்டி, 24 ஸ்டட்டும் ஒட்டித் தயாராக வைத்திருக்கிறோம். அடுத்த தடைக்காலத்தில் டேங்கைக் காலி செய்ததும் மாட்ட வேண்டும்.